வாட்டக்கா அனுப்பாத மீன்கள்

செய்தி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வந்தது. அந்த நேரம் நான் படலையடியில் மீன்காரன் மோகனோடு ஒரு கொடுவா மீனின் வயதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். "காலையில பட்டது அண்ணன்" என்றான். "எந்தக் காலையில?" என்று கேட்டேன். எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போன ஆட்டோ, மட்டக்களப்பைப் பிறப்பிடமாகக் கொண்ட மரிய பிலோமினா இறைவனடி சேர்ந்தார் என்று அறிவித்துக்கொண்டு போனது. "பாவம், ஆரோ" என்று சொல்லிவிட்டு நான் மீனின் செவுளை, எங்கள் பேச்சில் பூவை, திறந்து பார்த்தேன். மோகன் தராசைக் கீழே வைத்தான்.

"அண்ணன், அது உங்கட வாட்டக்கா."

எத்தனையோ வருடம் ஒரே கொட்டிலில் வேலை செய்த மனிசியின் முழுப் பெயரை மீன்காரன் சொல்லித்தான் நான் அறிந்துகொண்டேன். அவர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வாட்டில் வேலை பார்த்தவர் என்பதால் ஊருக்கு அவர் வாட்டக்கா. எனக்கும் அப்படித்தான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவருடைய பெறாமகன் வந்து கேட்டபோது, ஆளை மாறிக் கேட்கிறீர்கள் என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். "பெரியம்மா மீன் பாத்த கதையை உங்களத் தவிர ஆர் எழுதுற?" என்றார் பெறாமகன். அது சரிதான். மற்றவர்கள் அவர் ஆஸ்பத்திரியில் பார்த்த மனிதர்களைப் பற்றி எழுதட்டும். நான் மீன்களைப் பற்றி எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில் ஆழக்கடலுக்குப் போக ஒண்ணாத நாட்கள்தான் அதிகம். பெரிய வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆனால் கரைக்குக் கிட்ட, கடலுக்குள் இருக்கிற கல்லுகளில் கலர் மீன்கள் இருந்தன. கொழும்பில் ஒரு முதலாளி அவற்றை வாங்கி, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் முன்பு லொறியில் கிளீனராகக் கொழும்புக்குப் போய்வந்தவன். எந்தச் செக் பொயின்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் இருக்கும் என்பதுதான். அந்தத் தகைமையோடு ஆரையம்பதியில் என் வீட்டு வளவில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, சீமெந்துத் தொட்டிகளும் கண்ணாடித் தொட்டிகளும் வைத்து யாவாரம் தொடங்கினேன். சுழியோடி சிவாவும் அவனுடைய ஆட்களும் கடலில் மூழ்கி மீன் பிடித்துத் தருவார்கள். நான் பொலித்தீன் பையில் ஒக்சிசன் அடித்து, சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி அனுப்புவேன். சிவாவின் ஆட்களின் குடும்பங்களும், என்னுடைய மூன்று பெண்பிள்ளைகளும் அந்தக் கொட்டிலை நம்பித்தான் இருந்தார்கள்.

மீன்கள் எங்களை நம்பவில்லை. செத்துக்கொண்டே இருந்தன. விடியற்காலையில் செத்ததை எல்லாம் அள்ளித் தென்னைக்குக் கீழே குழி தோண்டித் தாழ்ப்பது என் முதல் வேலை.

பட்டணத்தில் இருந்த வீடு சேதமாகி, அக்கா எங்கள் பக்கத்து வளவில் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்த காலம் அது. ஒரு நாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட தென்னை இந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்கு."

"ஓம் அக்கா."

"காய்க்காம? ஒவ்வொரு நாளும் மீன் தாட்டாக் காய்க்கும்தானே. நீங்க கொழும்புக்கு யாவாரம் செய்றீங்களா, தென்னைக்குச் செய்றீங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் கறுத்தது. வந்து பாருங்கள் என்றேன். வந்தார். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா வந்தவங்க எங்க?"

"எல்லாரும் ஒண்டாத்தான் அக்கா."

"காய்ச்சல்காரனையும் கால் முறிஞ்சவனையும் ஒரே கட்டில்ல படுக்கவைச்சா ரெண்டு பேரும் சாவாங்க. கால் முறிஞ்சவன் முதல்ல சாவான்."

அடுத்த கிழமை அவர் வேலைக்கு வந்துவிட்டார். அவர் வேலை கேட்டதாகவோ நான் கொடுத்ததாகவோ நினைவில்லை.

கொட்டில் இரண்டாகப் பிரிந்தது. கிணற்றுப் பக்கம் புதியவர்களுக்கு. அங்கே சாக்குத் திரை தொங்கியது. வெளிச்சம் குறைவு. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் உடைந்த குடமோ கூரை ஓடோ கிடக்கும், வந்த மீன் பயந்தால் ஒளிந்துகொள்ள. ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனிக் கோப்பை. மாறாமல் இருக்கப் பழஞ்சீலைத் துண்டுகளை நிறம் பார்த்துக் கட்டிவிட்டிருந்தார். முதல் நாள் தீன் கிடையாது. அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மீன் போய் ஓட்டில் உடம்பைத் தேய்த்தால், "கடிக்குது எண்டு சொல்ல வாயில்ல, அதான் உரஞ்சுது" என்பார். மருந்து பற்றிக் கேட்டால், "முதல்ல மூச்சைப் பாருங்க" என்பார். பூ வேகமாக அடித்தால் அந்த மீனுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. கரண்ட் நின்று காற்று மோட்டார் ஓயும்போது, லொறி டியூப்பில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய குழாயைச் செருகித் தொட்டிக்குள் விடுவோம். டியூப்புக்குக் காற்றடிப்பது என் வேலை. முதலாளி என்ற பட்டத்தோடு நான் அந்தக் கொட்டிலில் செய்த முழுமையான வேலை அது ஒன்றுதான்.

ஒரு முறை கிணற்றுப் பக்கத்து வலையை மறதியாக இந்தப் பக்கம் கொண்டு வந்துவிட்டேன். அக்கா வாசலில் நின்று மறித்தார்.

"முதலாளியெண்டா கையில கிருமி ஒட்டாதோ?"

"மறந்திட்டன் அக்கா."

"கிருமி மறக்காது. போய்க் கையைக் கழுவிட்டு வெயில்ல நில்லுங்க."

என் சொந்தக் கொட்டிலுக்கு வெளியே, வெயிலில், கையை விரித்துக்கொண்டு நின்றேன். மூத்த மகள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், "அப்பா, உங்களுக்கு ஏன் தண்டனை?" என்று கேட்டாள்.

கடல் மீனின் தோலிலும் பூவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியை விழுத்த, அதை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்க வேண்டும். கூடினால் மீன் போய்விடும், குறைந்தால் பூச்சி போகாது. அக்கா மணிக்கூடு பார்க்கமாட்டார். கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடு ஒப்பாக்கி, மீனை இறக்கிவிட்டு, செபமாலையில் ஒரு பத்து சொல்வார். பத்தாவது "அருள் நிறைந்த மரியே" முடிய மீன் கடல் தண்ணீருக்குத் திரும்பிவிடும். அவர் இல்லாத நாளில் சிவா அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் அவனும் பாடமாக்கினான். பிள்ளையார் கோயிலுக்குக் காவடி எடுப்பவன், வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மாதாவைக் கூப்பிடுவான். ஆனால் அவன் வாய் வேகம். அவன் முக்கிய மீன்களில் பூச்சி அப்படியே இருந்தது.

"மனே, மாதாவுக்கு அவசரமில்ல. நிப்பாட்டிச் சொல்லு" என்பார் அக்கா.

அக்கா பிழைவிடாதவர் என்று எழுதினால் அவரே இந்த மலரைத் திருப்பி அனுப்புவார். தொடக்கத்தில் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றை முக்கி வைத்துவிட்டு, பத்துக்கு நடுவில் யாரோடோ வாய் கொடுத்து எண்ணிக்கையைத் தவறவிட்டார். மீன் கையிலேயே போய்விட்டது. தென்னைக்குக் கீழே அவரே போய்த் தாட்டார்.

எங்கள் கொட்டிலைப் பார்க்க ஊர்ச்சனம் வந்தபடி இருக்கும். வேறு பொழுதுபோக்கு இல்லாத காலம். வருகிறவர்கள் சும்மா பார்த்தால் பரவாயில்லை. ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, அடுத்த தொட்டிக்குள்ளும் விடுவார்கள். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஒரு காலை அக்கா கிணற்றுப் பக்கத்து வாசலில் வேப்பங்குழையைக் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு வாசலில் வேப்பங்குழை தொங்கினால் உள்ளே அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்று அர்த்தம். அழையாமல் ஒருவரும் படி மிதிக்கமாட்டார்கள்.

"நீங்க வேதக்காரி, வேப்பங்குழை கட்டுறீங்களே அக்கா?" என்று என் மனைவி சரசு கேட்டாள்.

"வாட்டில 'உள்ளே வராதே' எண்டு போட் மாட்டியிருந்திச்சு, அதை ஒருத்தரும் வாசிக்கல்ல. இதை எல்லாரும் வாசிப்பாங்க, சரசு."

வாசித்தார்கள். ஒரு சுற்றிவளைப்பு நாளில் எங்கள் வளவுக்குள் வந்த ஆமிக்காரர் ஒருவர் குழையைக் கண்டதும் வாசலில் நின்றார். அவர்கள் ஊரிலும் அது அப்படித்தானாம். "தெய்யங்கே லெட?" என்று கேட்டார். தெய்வம் தந்த வருத்தமா என்பது கேள்வி. ஆஸ்பத்திரியில் பழகிய சிங்களத்தில் அக்கா ஓம் என்றார். ஆருக்கு என்று கேட்டபோது, "உள்ளுக்கு இருக்கிற எல்லாருக்கும்" என்றார். அவர் கிடுகு இடுக்கால் எட்டிப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கையில் விரலால் புள்ளி புள்ளியாக வைத்து, மீனுக்கு இப்படி என்று காட்டினார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பின்னால் வந்தவர்களையும் மறித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அந்தக் குழை எங்களையும் பிடித்துக்கொண்டது. மீனுக்கு அம்மாள் வந்திருக்கிறா என்ற பேச்சு பகிடியாகத் தொடங்கி, பாதி உண்மையாகிவிட்டது. அம்மாள் உள்ள வீட்டில் தாளிக்கக்கூடாது. சரசு தாளிப்பதை நிறுத்திவிட்டாள். "மீனுக்குத்தானடி வருத்தம், என்ர கறி என்ன செய்தது?" என்று கேட்டேன். "வளவு ஒண்டுதானே" என்றாள்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

கொழும்பில் இருந்து முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பெட்டிகளில் வந்த மீன்கள் இரண்டு முறை அவருடைய தொட்டிகளில் வெள்ளைப் புள்ளி போட்டுச் செத்தன, அவருடைய மற்ற மீன்களுக்கும் தொற்றிவிட்டது, அடுத்த பெட்டியும் அப்படி வந்தால் இனி எங்களிடம் எடுக்கமாட்டார். அவர் எடுக்காவிட்டால் கொட்டில் இல்லை. சிவாவின் ஆட்களுக்கு வேறு கடலும் இல்லை. அந்த அடுத்த பெட்டிக்காகப் பிடித்த மீன்கள்தான் அப்போது கிணற்றுப் பக்கத்தில் இருந்தன. நல்ல மீன்கள். நீலமும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் பெரிய மீன் ஒன்று, கொழும்பார் அதை ராசா என்பார்கள், சிவா மூன்று நாளாகச் சுழியோடிப் பிடித்தது. வந்து சில நாளில் எல்லாவற்றிலும் ரவை தூவினது போல வெள்ளை வெள்ளையாகப் போட்டது.

பிறகு, ஒரு காலை, ஒரு புள்ளியும் இல்லை. கழுவித் துடைத்தது போல இருந்தது ஒவ்வொரு மீனும். அதே நாள் மத்தியானம் நசீர் காக்கா லொறியோடு வந்தார். காத்தான்குடியில் இருந்து கொழும்புக்குக் கருவாடும் எங்கள் மீனும் ஏற்றுபவர். "ஆமி நாளைக்குக் கொழும்புப் பாதையைத் தொறக்குறானாம். நாளைக்கு மட்டுந்தான். பொறகு எப்ப எண்டு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

எங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சரசு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்தாள். அம்மாள் முத்து இறங்கினால் தண்ணீர் வார்த்து எழுப்பிவிடுவதுதானே வழக்கம். தொட்டிக்குள் ஊற்றாமல் வாசலில் தெளித்தாள், அவ்வளவுக்கு அவளுக்கு நிதானம் இருந்தது. சிவா பைகளை எண்ணி எடுத்தான். நான் ஒக்சிசன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். அக்கா வாளியில் இருந்து எழும்பவில்லை.

"இதுகள் போகாது" என்றார்.

"முத்து இறங்கிட்டு அக்கா" என்றாள் சரசு.

"மனிசருக்கு முத்து இறங்கினாச் சுகம். இதுக்கு அப்படியில்ல போல கிடக்கு. போன ரெண்டு தரமும் இப்படித்தான் சுத்தமாப் போனதுகள். போய் அங்க வெள்ளை போட்டதுகள். விழுந்தது எங்க போகுது? தொட்டியடியில கிடக்கு. கிடந்து பெருகித் திரும்ப ஏறுது எண்டுதான் நான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்க. தெரியுமா?" என்று சிவா கேட்டான். குரல் உயர்ந்திருந்தது. அந்த ராசா மீனுக்காக அவனுடைய காதில் இரத்தம் வந்திருந்தது.

"தெரியாது மனே. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும், தெரியவரும்."

"பாதை நிக்காதே அக்கா!"

"பாதை நிக்காட்டி, மீன் நிக்கும்."

நசீர் காக்கா லொறிக் கதவைத் தட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். "நீங்கதான் முதலாளி தம்பி. ஏத்துறதெண்டா ஏத்துங்க. சுகம் எண்டு துண்டு வெட்டி வாட்டால விட்டது நான் எண்டு மட்டும் என்ர பேரைச் சொல்லாதீங்க."

நான் ஏற்றவில்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். லொறி கருவாட்டோடு போனது. மறுநாள் பின்னேரம் பாதையைப் பூட்டினார்கள்.

அடுத்து வந்த நாட்கள்தான் மோசம். மீன்களுக்கு ஒன்றும் வரவில்லை. அழகாக ஓடித் திரிந்தன. சிவா காலையில் வந்து தொட்டியைப் பார்ப்பான், பிறகு அக்காவைப் பார்ப்பான். "அக்கா, மீனுக்கு ஒண்டுமில்ல. உங்களுக்குத்தான் வருத்தம். வேப்பங்குழையை உங்கட வாசல்ல கட்டுங்க" என்றான் ஒரு நாள். நான் வீட்டுக்குள்ளே சரசுவிடம் கத்தினேன், கொட்டிலுக்கு வந்து பேசாமல் டியூப்புக்குக் காற்றடித்தேன்.

ஒரு காலை சாக்கை விலக்கிப் பார்த்தால், ராசா மீனின் செட்டையில் வெள்ளை. மற்றவற்றிலும் வெள்ளை. முந்திப் போட்டதை விட அடர்த்தி, உடம்பெல்லாம். சிவா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இது நசீர் காக்காவின் லொறியில் போயிருந்தால் இந்நேரம் கொழும்பில் போட்டிருக்கும், எங்கள் கொட்டிலின் கதை முடிந்திருக்கும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அக்கா "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை.

"வாளியைக் கொண்டாங்க" என்றார்.

மருந்து இல்லை. முன்பு கொழும்பில் இருந்து வரும் மயில்துத்தம் பாதை பூட்டிய பிறகு வரவில்லை. அக்கா வாட்டு முறையைத் தொடங்கினார். கட்டிலை மாற்றுவது போலத் தொட்டியை மாற்றுவது. பூச்சி விழுந்து அடியில் பெருகுவதற்கு முன்னால் மீனைப் புதுத் தண்ணீருள்ள தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தொட்டியை உரஞ்சிக் கழுவி வெயிலில் காய விட வேண்டும். சில நாளில் திரும்பவும் அதே வேலை. கடலில் இருந்து தண்ணீர் சுமந்து தோள் கழன்றது. அப்போதுதான் சிவா, இந்தக் கதையிலேயே கெட்டித்தனமான ஒரு சொல்லைச் சொன்னான். கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"அக்கா, ஆத்துவாயில பிடிக்கிற மீன்ல இந்த வெள்ளையை நான் கண்டதேயில்ல."

அக்கா அவனை உற்றுப் பார்த்தார். "அங்க தண்ணி என்ன மாதிரி?"

"கடலுமில்ல, ஆறுமில்ல. பாதி உப்பு."

"அப்ப இந்தப் பூச்சிக்குப் பாதி உப்புப் பிடிக்காதாக்கும்."

கடல் தண்ணீரில் வாவித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகக் கலந்து, இரண்டு நாளாக மெல்ல மெல்ல உப்பை இறக்கினோம். ஒரு தொட்டியில் சிவப்பு இறால் ஒன்று ஒளிந்து கிடந்ததை அக்கா மறந்துபோனார். உப்பு இறங்கியதும் அது செத்துவிட்டது. மீன்கள் தாங்கிக்கொண்டன.

உப்பின் அளவுதான் பிரச்சினை. அளக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து பல காலம். அக்கா நாக்கில் வைத்துப் பார்ப்பார். "சொதிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போனா எப்படியோ, அப்படி" என்பது அவருடைய அளவு. மாரி தொடங்கிவிட்டதால் வாவித் தண்ணீர் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வாளியையும் சுவைத்துத்தான் கலக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குத் தடிமன் பிடித்தது. நாக்கில் ஒரு சுவையும் இல்லை.

சரசுவிடம் கோப்பையை நீட்டினேன். அவள் கேதார கௌரி விரதம்.

"இஞ்சாருங்க, விரதக்காரியிட்ட மீன் நீந்தின தண்ணியை நீட்டுறீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"

"மீனைச் சாப்பிடச் சொல்லல்லயே!"

"மீன் பட்ட தண்ணியும் மச்சம்தான்."

வேலிக்கு அப்பால் இருந்து அக்கா மூக்கடைத்த குரலில், "எங்களுக்கு வெள்ளிக்கிழமையில மீன்தான் விரதச் சாப்பாடு. நீங்க வேதத்துக்கு வாங்க சரசு" என்றார். சரசுவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிவாவும் ஆட்களும் சுருட்டுக் குடிப்பவர்கள். மிச்சம் இருந்தது என் நாக்கு. அது வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பதினெட்டு வயதிலேயே செத்த நாக்கு. "வெத்திலையை விடுங்க தம்பி, நாக்குத் திரும்பி வரும்" என்றார் அக்கா. சரசு கலியாணம் முடித்த நாளில் இருந்து கேட்டும் விடாததை, ஒரு தொட்டி மீனுக்காக விட்டேன். முதல் இரண்டு நாள் பைத்தியம் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அக்கா மூக்கைச் சிந்திச் சிந்தி, ஊகத்தில் கலந்தார். மூன்றாம் நாள் காலையில் கோப்பைத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். உப்பு. கொஞ்சம் கசப்பு. பின்னால் சேற்று மணம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு சுவை. "சொதிக்குக் கூடிப்போச்சு, அக்கா. இன்னும் ஒரு கோப்பை ஆத்துத் தண்ணி வேணும்" என்றேன். அக்கா வேலிக்கு அப்பால் இருந்து, "முதலாளிக்கு ஒரு வேலை கிடைச்சிட்டு" என்றார்.

வெள்ளை விழுந்தது. இந்த முறை யாரும் தண்ணீர் வார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம். திரும்ப ஏறவில்லை. பிறகும் அக்கா அனுப்ப விடவில்லை. உப்பைப் பழையபடி மெல்ல ஏற்றி, கடல் தண்ணீரிலேயே விட்டு, இன்னும் பார்க்க வேண்டும் என்றார். அதற்கிடையில் பாதை ஒரு முறை திறந்து மூடியது. அதற்கும் அனுப்பவில்லை. சிவா இம்முறை பைகளைத் தொடவேயில்லை. அடுத்த முறை திறந்தபோது, நசீர் காக்கா வருவதற்கு முன்னரே அக்கா பைகளை எடுத்து வைத்திருந்தார். ராசா மீனைச் சிவாவே பைக்குள் இறக்கினான், முன்பு செய்தறியாத அளவு மெதுவாக.

நசீர் காக்கா அதற்கடுத்த முறை கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்து சொன்ன செய்தி: ஒன்றும் சாகவில்லை, ஒன்றிலும் வெள்ளை இல்லை, கொழும்பு முதலாளி ஒரு மாதம் தன் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்கிறார், தொடர்ந்து அனுப்பட்டுமாம். சிவா என்னைத் தூக்கினான். இருவரும் சேர்ந்து விழுந்தோம். கொட்டில் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் கொட்டிலில்தான் வளர்ந்தார்கள்.

அக்காவின் முழங்கால்கள் ஒத்துழைக்காமல் போன பிறகு அவர் பட்டணத்துக்கே திரும்பிப் போனார். நான் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் போனது அவர் படுக்கையில் விழுந்து சில நாளில்.

அந்த நேரம் என் மகள்மாரில் ஒருத்தி, எவள் என்று எழுதமாட்டேன், புருசன் வீட்டால் திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். வந்த புதிதில் பேச்சில்லை, சாப்பாடில்லை, அறைக் கதவு திறக்காது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். ஒரு நாள் சகோதரி ஒருத்தியின் பகிடிக்குச் சிரித்தாள். அவ்வளவுதான், சொந்தக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். பிள்ளை தேறிவிட்டாள், முகம் தெளிந்துவிட்டது, இனிக் கொண்டு போய் விடுங்கள், நாள் போனால் வழி அடைபட்டுவிடும் என்றார்கள். நல்லவர்கள்தான். நன்மைக்குத்தான் சொன்னார்கள். எனக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. அக்காவின் கட்டிலடியில் இருந்து இதையெல்லாம் சொன்னேன்.

அவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"பிள்ளைக்குப் போக அவசரமா?"

"இல்ல அக்கா."

"உங்களுக்கும் சரசுவுக்கும் அனுப்ப அவசரமா?"

"இல்ல."

"அப்ப ஆருக்கு அவசரம்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கூடியிருந்தவர்களிடம், பிள்ளை நிற்கட்டும் என்றேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதற்குப் பிறகும் அசையாமல் இருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. ஒரு மாமா கோபித்துக்கொண்டு தேத்தண்ணியும் குடியாமல் போனார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாமா போனதும் வந்து, அவருடைய தேத்தண்ணியை எடுத்துத் தான் குடித்தாள்.

அக்காவை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று இருக்கும். அவருடைய கண் எனக்கு வாய்க்கவில்லை, மூச்சைப் பார்த்து வருத்தம் சொல்லும் கணிப்பும் வாய்க்கவில்லை. ஒருவர் சுகமாகிவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லும்போது, அவர் தானாகச் சொல்லும் வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். எப்போது போகப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.